நாகோயாவிலிருந்து ஒரு நாள்: முழங்கால் வலி உள்ள அம்மாவை இனுயாமா கோட்டைக்குக் கூட்டிப் போகலாமா?

வெண்முகில் | அக்டோபர் 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் நாகோயாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நவம்பர் நடுவில் அப்பாவும் அம்மாவும் மூன்று வாரம் தங்க வருகிறார்கள். அப்பா பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவர். "ஜப்பானில் ஒரு கோட்டையையாவது உள்ளே போய்ப் பார்க்கணும்" என்று இப்போதே சொல்லிவிட்டார். நாகோயா கோட்டையின் கோபுரம் 1959-இல் கான்கிரீட்டில் கட்டியது, அதுவும் 2018 முதல் உள்ளே விடுவதில்லை என்று சொன்னதும் அவர் குரலே இறங்கிப்போனது.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படிதான் சிரமம். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஒரே நாளில் போய் வரும் தூரத்தில் இவர்கள் இருவருக்கும் பொருந்துகிற கோட்டையூர் எது? இனுயாமா என்று ஒரு நண்பர் சொன்னார். போனவர்கள் சொல்லுங்கள்.

---

கல்தச்சன் | அக்டோபர் 19, இரவு 11.15

உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இனுயாமாவுக்கே போங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அப்பாவுக்கும் பிடிக்கும்.

ஜப்பானில் கோட்டை என்ற பெயரில் இன்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் கட்டியவை. எடோ காலத்திலிருந்தோ (1603–1868, தோக்குகாவா குடும்பம் ஆண்ட காலம்) அதற்கு முன்பிருந்தோ அப்படியே நிற்கும் மரக் கோபுரங்கள், அதாவது தென்ஷு, மொத்தமே 12. 1615-இல் தோக்குகாவா அரசு ஒரு பிரபுவின் ஆட்சிப்பகுதிக்கு ஒரு கோட்டைதான் என்று உத்தரவு போட்டு மற்றதை இடிக்கச் சொன்னது. 1873-இல், தோக்குகாவா ஆட்சி முடிந்து வந்த மெய்ஜி அரசு, இனி கோட்டை தேவையில்லை என்று பலவற்றை விற்றது, இடித்தது. அதையெல்லாம் தாண்டி 20 கோபுரங்கள் பிழைத்திருந்தன. 1945 குண்டுவீச்சில் ஏழு எரிந்துபோயின. நாகோயா அதில் ஒன்று, மே 14 அன்று. 1949-இல் மட்சுமாயே கோட்டை தீவிபத்தில் போனது. மீதி 12. அந்தப் பன்னிரண்டில் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றவை ஐந்து: ஹிமேஜி, மட்சுமோட்டோ, ஹிகோனே, மட்சுயே, இனுயாமா. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில் இருப்பது கடைசியாகச் சொன்னதுதான்.

இனுயாமாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி போர் அல்ல. 1617-இலிருந்து அந்தக் கோட்டை நாருசே குடும்பத்திடம் இருந்தது. மெய்ஜி அரசு அதைப் பறித்துக்கொண்டது. 1891 அக்டோபர் 28-இல் வந்த நோபி நிலநடுக்கத்தில் கோபுரம் மோசமாகச் சேதமானது. பழுதுபார்க்க மாகாண நிர்வாகத்திடம் பணம் இல்லை. 1895-இல், "நீங்களே பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்ற நிபந்தனையோடு பழைய குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களும் ஊர்மக்களும் பணம் திரட்டி நிமிர்த்தினார்கள். 2004-இல் ஒரு அறக்கட்டளையிடம் ஒப்படைக்கும் வரை அது ஒரு வீட்டாரின் சொந்தச் சொத்து. ஜப்பானில் தனியார் வைத்திருந்த கோட்டை அது ஒன்றுதான்.

கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கே ஊரும் இருக்கிறது. அது அதிகம் கிடைக்காத விஷயம்.

---

ரயில்பித்தன் | அக்டோபர் 20, காலை 7.05

கோட்டை என்றால் ஹிமேஜிதான். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறினால் நாகோயாவிலிருந்து அதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வாழ்க்கையில் ஒருமுறை வருகிறவர்களுக்கு ஏன் சின்னக் கோட்டையைக் காட்ட வேண்டும்? இனுயாமா கோபுரம் வெறும் 19 மீட்டர்.

---

கல்தச்சன் | அக்டோபர் 20, காலை 8.30

@ரயில்பித்தன், ஹிமேஜி அழகு, மறுக்கவே மாட்டேன். கட்டடமாக அதற்கு நிகர் இல்லை. ஆனால் ஹிமேஜி நகரம் 1945-இல் எரிந்தது, கோபுரம் மட்டும் தப்பியது. ஸ்டேஷனிலிருந்து கோட்டை வரை நீங்கள் நடப்பது போருக்குப் பிறகு போட்ட அகலச் சாலை. யாருக்காக அந்தக் கோட்டை இருந்தது, யார் அதற்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோனார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது.

இனுயாமாவில் தெரியும். ஊரையே சுற்றி அகழியும் மண்மேடும் இருந்தன. நடுவில் வணிகர் தெருக்கள், அவற்றைச் சுற்றி சாமுராய் குடியிருப்புகள், வடக்கு முனையில் குன்று, குன்றின் மேல் கோட்டை, அதன் பின்னால் கிசோ ஆறு. ஹோன்மாச்சித் தெருவில் தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் கோபுரம் கண்ணெதிரே வந்துகொண்டே இருக்கும். அந்தத் தெருவை அகலப்படுத்தும் திட்டம் பல பத்தாண்டுகள் நகரத் திட்டத்தில் இருந்தது. அதைக் கைவிட்டு, மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோய், தெருவைப் பழைய அகலத்திலேயே விட்டார்கள். அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் இன்று கோட்டை மட்டும்தான் இருந்திருக்கும்.

---

ரயில்பித்தன் | அக்டோபர் 20, காலை 8.52

இந்தத் தெரு விவரம் எனக்குத் தெரியாது. சரி, வாதத்தை விடுகிறேன். ரயிலைப் பற்றியாவது உருப்படியாகச் சொல்கிறேன்.

ஜே.ஆர். பாஸ் (ஜே.ஆர். ரயில்களுக்கான சுற்றுலாப் பயணச்சீட்டு) இருந்தாலும் இதற்குச் செல்லாது. இனுயாமாவுக்குப் போவது மெய்த்தெட்சு என்ற தனியார் ரயில். நாகோயா மெய்த்தெட்சு நிலையம் பூமிக்கடியில் இருக்கிறது, இரண்டே தண்டவாளம். எல்லா ஊருக்கும் போகும் வண்டிகளும் அதே இரண்டில்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிளாட்பாரத் தரையில் வண்ணக் கோடுகள் இருக்கும், உங்கள் வண்டிக்கான வண்ணத்தில் வரிசையில் நில்லுங்கள். முன்னால் நிற்கும் வண்டியில் அவசரப்பட்டு ஏறினால் வேறு எங்கோ போய்விடுவீர்கள். ஷின்-உனுமா என்று போட்டிருக்கும் வண்டியும் இனுயாமா வழியாகத்தான் போகும்.

கோட்டைக்குப் பக்கம் என்று பார்த்தால் இனுயாமா-யூயென் நிலையம், ஆற்றோரமாக 15 நிமிட நடை. ஊரைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முந்தைய நிலையமான இனுயாமாவில் இறங்கி மேற்கு வாசலில் வெளியே வாருங்கள். யூயெனிலிருந்து ஆற்றைக் கடக்கும் பாலத்தில் 2000-ஆம் ஆண்டு வரை ரயிலும் காரும் ஒரே தடத்தில் போயின. எனக்கு அது கோட்டையைவிடச் சுவாரசியம்!

---

துளசிமாடம் | அக்டோபர் 20, மதியம் 1.20

அம்மா சைவம் என்றதால் எழுதுகிறேன். நானும் சைவம், ஜப்பானில் ஒன்பது வருடம்.

"இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது. சிக்கல் தாஷியில் இருக்கிறது. காய்ந்த மீன் சீவலை வேகவைத்து எடுக்கும் சாறு அது. உடோன் நூடுல்ஸ் குழம்பு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அது உண்டு. பலருக்கு அது மீன் என்றே தோன்றாது. நம் ஊரில் பெருங்காயத்தை யாரும் தனியாகச் சொல்லாத மாதிரி. முதல் வருடம் ஒரு சின்னக் கடையில் "சைவமா?" என்று மூன்று தடவை கேட்டு, ஆமாம் என்றதால் சாப்பிட்டு, பாதியில் வாசனை பிடிபட்டு எழுந்து வந்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

கேட்க வேண்டியது இது: "தாஷி ஹாய்த்தே இமாஸ் கா?" தாஷி சேர்ந்திருக்கிறதா என்று பொருள்.

இனுயாமாவில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அந்த ஊரின் பெயர்பெற்ற தின்பண்டமே டோஃபு டெங்காகு. டோஃபுவைக் குச்சியில் குத்தி, சுட்டு, மேலே மிசோ தடவித் தருவார்கள். அப்புறம் கொஹெய்மொச்சி, சாதத்தை மசித்துத் தட்டிக் குச்சியில் சுடுவது. இரண்டிலும் மேலே தடவும் சாந்தில் தாஷி இருக்கிறதா என்று கடைக்குக் கடை கேளுங்கள், கடைக்குக் கடை மாறும். இதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள், புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது, ஒரு பை கையில் இருக்கட்டும்.

---

காலக்கணக்கு | அக்டோபர் 20, மாலை 6.10

அப்பா வரலாற்று ஆசிரியர் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். பல வழிகாட்டிகளில் "1537-இல் கட்டப்பட்ட கோபுரம்" என்று பார்ப்பீர்கள். 1537-இல் அந்தக் குன்றில் கோட்டை அமைத்தவர் ஓடா நொபுயாசு, ஜப்பானை ஒன்றிணைக்கத் தொடங்கிய போர்த்தலைவர் ஓடா நொபுநாகாவின் சித்தப்பா. அது சரி. ஆனால் இப்போது நிற்கும் கோபுரம் அதே கோபுரமா என்பது நீண்ட காலச் சர்ச்சை. கனேயாமா என்ற வேறு கோட்டையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மாட்டியது என்றுகூட ஒரு கருத்து இருந்தது. 1961 முதல் 1965 வரை கோபுரத்தை முழுக்கப் பிரித்துப் பழுதுபார்த்தபோது அதற்கான தடயமே இல்லை என்று தெரிந்தது. கீழ் இரண்டு தளம் முதலில், மேல் தளங்கள் பல வருடம் கழித்து என்றும் நம்பினார்கள்.

2021-இல் வெளியான மர வளைய ஆய்வு, மரங்கள் 1585-க்கும் 1588-க்கும் இடையில் வெட்டப்பட்டவை, கீழிருந்து மேல்வரை ஒரே சமயத்தில் கட்டியது என்றது. 1584-இல் கோமாகி-நாகாகுதே போர், நொபுநாகாவுக்குப் பின் ஜப்பானை ஒன்றிணைத்த ஹிதேயோஷி அப்போது இனுயாமாவில்தான் தங்கினார். அந்தப் போர் முடிந்த கையோடு எழுந்த கட்டடம் என்று பார்த்தால் அதன் முகமே மாறித் தெரியும்.

---

கல்தச்சன் | அக்டோபர் 20, இரவு 8.00

நன்றி. நானும் 1537 என்றே பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்திக்கொள்கிறேன்.

---

தேனீர்க்குடில் | அக்டோபர் 21, காலை 10.30

அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே!

வெண்முகில், கோபுரத்தின் உள்ளே படிகள் ஏணி மாதிரி செங்குத்து. லிஃப்ட் கிடையாது. அம்மாவை ஏற்ற வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலை வாங்கும். ஆனால் அதற்காக அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோட்டைக்குக் கிழக்கே, நடந்து போகும் தூரத்தில், உராகுஎன் என்ற தோட்டம் இருக்கிறது. அதற்குள் ஜோஆன் என்று ஒரு தேநீர்க் குடில். நொபுநாகாவின் தம்பி ஓடா உராகுசாய் 1618 வாக்கில் கியோட்டோவில் கட்டியது. தோக்கியோ, ஓயிசோ என்று இடம் மாறி 1972-இல் இங்கே வந்து சேர்ந்தது. தேசியப் பொக்கிஷமான தேநீர்க் குடில்கள் ஜப்பானில் மூன்றே மூன்று, அதில் இது ஒன்று.

வெளியிலிருந்து எட்டிப் பார்க்கத்தான் விடுவார்கள், ஆனால் அவசரப்படாமல் பாருங்கள். உள்ளே சுவரின் கீழ்ப்பகுதியில் பழைய பஞ்சாங்கத் தாள்களை ஒட்டியிருக்கிறார்கள், உட்காருகிறவரின் முதுகு மண்சுவரில் உரசாமல் இருக்க. சன்னலுக்கு வெளியே மூங்கிலை இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்திருக்கிறார்கள். வெளிச்சம் நூல் நூலாக உள்ளே இறங்கும். அண்ணனின் காலம் முழுக்கப் போர். தம்பி கடைசியில் மூன்று பாய்க்குச் சற்றே கூடுதலான ஓர் அறையில் உட்கார்ந்து தேநீர் கலந்தார். எனக்கு இனுயாமா என்றால் இந்த அறைதான்.

தோட்டத்தில் தேநீரும் தருவார்கள். அப்பா ஏறி இறங்கும் நேரத்தில் அம்மா இங்கே இருக்கலாம்.

---

மேளச்சத்தம் | அக்டோபர் 21, மாலை 4.45

ஏப்ரலில் வரச் சொல்லியிருக்கக் கூடாதா? ஏப்ரல் முதல் சனி, ஞாயிறு இனுயாமா திருவிழா. 1635-இல் தொடங்கியது, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மூன்றடுக்குத் தேர்கள் 13, ஒவ்வொன்றின் உச்சியிலும் கயிற்றால் ஆட்டும் கரகுரி பொம்மைகள். இரவில் தேருக்கு 365 விளக்கு, ஆண்டின் நாளுக்கு ஒன்று. தெரு முனையில் இளைஞர்கள் தேரின் ஒரு பக்கத்தைத் தோளால் தூக்கி அப்படியே சுழற்றித் திருப்புவார்கள். அதற்கு டொண்டென் என்று பெயர். தேரோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் திருப்பத்தில் கண் கலங்கும், எனக்குக் கலங்கியது.

நவம்பரில் தேர் ஓடாது. ஆனால் ஹோன்மாச்சித் தெருவிலேயே டொண்டென்-கான் என்ற கூடத்தில் நான்கு தேர்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சமதளம், அம்மா தாராளமாகப் பார்க்கலாம்.

---

ரயில்பித்தன் | அக்டோபர் 21, மாலை 5.02

அதே நாளில் மெய்ஜி-முராவையும் (மெய்ஜி காலக் கட்டடங்களைக் கொண்ட திறந்தவெளி அருங்காட்சியகம்) சேர்த்துக்கொள்ளலாமா?

---

தேனீர்க்குடில் | அக்டோபர் 21, மாலை 5.30

வேண்டாம். அதற்கே ஒரு முழு நாள் வேண்டும். மூன்று வாரம் இருக்கிறார்களே, இன்னொரு நாள் போகட்டும்.

---

வெண்முகில் | நவம்பர் 24, இரவு 10.20

போய் வந்துவிட்டோம். இத்தனை பேர் நேரம் எடுத்து எழுதினீர்கள், அதனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

காலை எட்டு மணி வண்டியில் கிளம்பினோம். வண்ணக் கோடு பார்த்து நின்றதால் சரியான வண்டியில் ஏறினோம், நன்றி ரயில்பித்தன். இனுயாமாவில் இறங்கி, ஹோன்மாச்சியின் தெற்கு முனைக்குப் போய் வடக்கே திரும்பியதும் அப்பா நின்றுவிட்டார். தெருவின் இரண்டு பக்கமும் தாழ்ந்த ஓட்டு வீடுகள், கடைசியில் கட்டைவிரல் உயரத்தில் கோபுரம். "இங்கே வியாபாரம் பண்ணினவன் நிமிர்ந்தால் கோட்டைதான் தெரிஞ்சிருக்கும்" என்றார். அதன் பிறகு பத்தடிக்கு ஒருமுறை நின்று கோபுரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தார். அந்த வேகம் அம்மாவுக்கு வசதியாகப் போனது.

வழியில் இசோபே என்ற பழைய வணிகர் வீடு. வாசல் குறுகல், உள்ளே போகப் போக நீள்கிறது. கூரை நேராக இல்லாமல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி லேசாகப் புடைத்திருக்கிறது. முற்றத்தைப் பார்த்ததும் அம்மா உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை, பத்து நிமிடம் வெயிலில் இருந்தார்.

சாப்பாடு: முதல் கடையில் "தாஷி ஹாய்த்தே இமாஸ் கா?" என்று கேட்டதும் அந்த அம்மையார் உள்ளே போய்க் கேட்டு வந்து, இருக்கிறது என்று தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது கடையில் இல்லை என்றார்கள். டெங்காகு வாங்கினோம். நெருப்பில் வாட்டிய டோஃபுவின் விளிம்பு பொன்னிறம், மேலே கரும்சிவப்பு மிசோ கொப்பளித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒரு கடி கடித்து, "வெல்லம் தூக்கலாப் போட்ட தொக்கு மாதிரி இருக்கு" என்றார். இன்னொன்றும் கேட்டு வாங்கினார். துளசிமாடம் அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. புளியோதரையும் காலியாகிவிட்டது.

கோட்டை வாசலில் ஒரு முடிவை மாற்றிக்கொண்டோம். அம்மாவைத் தோட்டத்தில் விடுவதாக இருந்தது. அவரோ, "குன்று மேல வரைக்கும் வர்றேன், உள்ளே மட்டும் ஏறலை" என்று சொல்லி, சரிவில் என் தோளைப் பிடித்து நின்று நின்று வந்துவிட்டார். கோபுரத்துக்கு முன்னால் பட்டுப்போன ஒரு பெரிய தேவதாரு அடிமரம் நிற்கிறது, கயிறு கட்டி வணங்குகிறார்கள். அம்மா அதன் முன்னால் கைகூப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நானும் அப்பாவும் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினோம். தேனீர்க்குடில் சொன்னது உண்மை, படியில் கையும் காலுமாகத்தான் ஏற முடிந்தது. அப்பாவுக்கு 66 வயது. ஒவ்வொரு தளத்திலும் அவர் தேடியது மரத்தைத்தான். விட்டங்களில் வாச்சியால் கொத்திய தடங்கள் மீன் செதில் மாதிரி வரிசையாக இருக்கின்றன. அதில் விரலை வைக்கப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோனார். "1585" என்றார். இந்த இழையை அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டியிருந்தேன்.

மேல் தளத்தில் வெளியே சுற்றிவரத் திண்ணை. கைப்பிடி இடுப்புக்கும் கீழேதான் வருகிறது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீழே கிசோ ஆறு நல்ல பச்சை. தூரத்தில் ஒரு மலையின் உச்சியில் பொட்டு மாதிரி கிஃபு கோட்டை. நொபுநாகா இருந்த கோட்டை அது என்றதும் அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கும்போது படியைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினோம். அப்படி இறங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

கீழே வந்தால் அம்மா கேட்கிறார்: "மேலே கூரையில ஒரு மாங்காய் உட்கார்ந்திருக்கே, பாத்தீங்களா?" நாங்கள் பார்க்கவில்லை. அவர் காட்டிய இடத்தில் ஓட்டின் முனையில், முனை கூர்ந்த ஒரு பழம், இலையோடு. அது பீச் பழமாம், தீயது அண்டாமல் இருக்க ஓட்டில் செய்து வைப்பார்களாம். நாலு தளம் ஏறி இறங்கிய எங்கள் இருவர் கண்ணிலும் அது படவே இல்லை.

ஜோஆனுக்குப் போனபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பஞ்சாங்கத் தாளில் எழுத்து தெரிகிறதா என்று அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தோட்டத்தில் மேப்பிள் பாதி சிவந்திருந்தது. டொண்டென்-கானுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது, மேளச்சத்தம் மன்னிக்கவும்.

---

காலக்கணக்கு | நவம்பர் 25, காலை 6.50

அப்பா விட்டத்தைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார் என்று படித்ததும் அவரைச் சந்திக்க வேண்டும் போலிருந்தது. கோபுரத்தின் உச்சியில் மீன் வடிவ ஷாச்சி இரண்டு இருக்குமே, அதில் ஒன்று 2017 ஜூலையில் இடி விழுந்து உடைந்து, மறுவருடம் புதிதாக வைத்தது. அந்தத் தேவதாரு உயிரோடு இருந்தவரை இடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள். அம்மா சரியான இடத்தில்தான் கைகூப்பியிருக்கிறார்.

---

துளசிமாடம் | நவம்பர் 25, காலை 9.15

நன்றியெல்லாம் எதற்கு? அம்மா இரண்டாவது குச்சி கேட்டு வாங்கினார் என்பதே போதும். அந்த மிசோவை வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள், பொட்டலத்தின் பின்னால் தாஷி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

---

புதுவரவு | நவம்பர் 26, இரவு 11.30

இந்த இழையைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். எங்களுக்கு எட்டு மாதக் குழந்தை. தள்ளுவண்டியோடு போகலாமா?

---

வெண்முகில் | நவம்பர் 27, காலை 7.40

தெருவிலும் தோட்டத்திலும் தள்ளிக்கொண்டு போகலாம். ஹோன்மாச்சியில் வார இறுதியில் கூட்டம் நெரிக்கும், காலை ஒன்பதரைக்குள் நடந்து முடியுங்கள். கோபுரத்துக்குள் தள்ளுவண்டி சரிப்படாது, குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஏறவும் வேண்டாம், படி தெரியாது. ஒருவர் ஏறும்போது இன்னொருவர் தேவதாரு பக்கத்தில் இருங்கள். மாங்காய் அங்கிருந்து தெரியும்.